சென்னையை விட்டுச் சிறிய நகரத்துக்குக் குடும்பத்தோடு மாறும் செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஒன்பது ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, 2022 மே மாதம் கணவரோடும் ஆறு வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு என்னோடு வேலை பார்த்த சிலர் மதுரைக்கும் கோவைக்கும் தஞ்சாவூருக்கும் கிளம்பும் முன் தொலைபேசியில் அழைத்துக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது, "அக்கா, அங்கே வாடகை எவ்வளவு?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "நைட் டூட்டி அன்றைக்குப் பிள்ளை யாரிடம் படுத்துக்கொள்ளும்?" என்பது. வாடகை, சம்பளம், பள்ளி எல்லாவற்றுக்கும் எப்படியாவது வழி பிறந்துவிடும். இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாமல் ஊர் மாறியவர்கள் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதல் படி: ஒரே தாளில் உண்மையான கணக்கு

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். மகனைத் தூங்க வைத்துவிட்டு, மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது. இன்றும் அது என் சான்றிதழ்க் கோப்பில் இருக்கிறது. சென்னையில் எனக்குக் கைக்கு வந்தது மாதம் 27,000 ரூபாய், திருச்சியில் கிடைப்பதாகச் சொல்லப்பட்டது 19,500. கணவர் கணக்கர், அவருக்கும் 4,000 ரூபாய் குறைந்தது. ஆக, வரவில் மாதம் 11,500 ரூபாய் இழப்பு. செலவுப் பக்கத்தில், வடபழனியில் 15,000 ரூபாயாக இருந்த வாடகை உறையூரில் 8,500 ஆனது. மகனை விட்டுவந்த பகல்நேரக் காப்பகத்தின் 5,500 ரூபாய் மிச்சமானது. போக்குவரத்தில் 1,800 ரூபாய் குறைந்தது. எல்லாம் சேர்த்து 13,800. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மாதம் 2,300 ரூபாய்தான் லாபம்.

இந்த 2,300 ரூபாய்க்காக யாரும் ஊர் மாற மாட்டார்கள். ஆனால் அதே தாளின் இன்னொரு பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். டூட்டிக்குப் போய்வரச் சென்னையில் நாளுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. திருச்சியில் அரை மணி நேரம். மகளுக்குக் காலையில் தலை வாரிவிட்ட நாள்கள் சென்னையில் மாதத்துக்கு எட்டு அல்லது ஒன்பது. பணக் கணக்கு பாதகமாகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, முடிவை நேரக் கணக்கைக் கொண்டு எடுங்கள் என்பதே என் கருத்து. பணத்தில் பெரிய மிச்சம் வரும் என்று நம்பி வருபவர்கள், முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் மனம் உடைந்துபோகிறார்கள்.

கணக்கில் விட்டுப்போகும் செலவுகள் சில உண்டு: புது வீட்டு முன்பணம், சாமான் ஏற்றும் வண்டி, பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் இடையில் விழும் ஒரு மாத இடைவெளி, பிள்ளைகளின் புதுச் சீருடை, சென்னைக்குத் திருமணம் காதுகுத்து என்று போய்வரும் பயணச் செலவு. கையில் மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான பணம் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இரண்டாம் படி: எந்த ஊர்

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டே இரண்டு நிபந்தனைகளை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் இரவுகளைத் தாங்கிக்கொள்ளும் ஆள் அந்த ஊரிலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். என் மாமியார் லால்குடியில் இருக்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி. இரண்டு பஸ் மாறி ஏறி இறங்க முடியாது. லால்குடியில் ஏறினால் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து உறையூருக்கு ஆட்டோவில் சில நிமிடங்களில் வந்துவிடலாம் என்ற ஒரே காரணம்தான் கோவையில் எனக்குக் கிடைத்த கூடுதல் சம்பளத்தை விட்டுவிடச் செய்தது. உங்கள் விஷயத்தில் அது அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், அல்லது இரவு வீட்டில் இருக்கும்படியான வேலை கொண்ட கணவராகவே இருக்கலாம். யாராக இருந்தாலும் அவரிடம் நேரில் உட்கார்ந்து, மாதத்தில் எத்தனை இரவு, எத்தனை காலை என்று எண்ணிக்கையோடு பேசிவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்ற வாக்குறுதியை நம்பி வீடு மாறக் கூடாது.

இரண்டாவது, உங்கள் பிரிவு இயங்கும் மருத்துவமனைகள் அந்த ஊரில் நான்கைந்தாவது இருக்க வேண்டும். ஒரே ஒரு பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் அங்கே மனம் கசந்துவிட்டால் போக வேறு வாசல் இல்லை. மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையைச் சுற்றியும் தில்லைநகர், தென்னூர், கண்டோன்மென்ட் பகுதிகளிலும் தனியார் மருத்துவமனைகள் நெருக்கமாக இருக்கின்றன. பொன்மலையில் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து தென் மாவட்டங்கள் முழுவதற்கும் சிகிச்சை தருவதால் ஐ.சி.யு., டயாலிசிஸ், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறை) அனுபவம் உள்ளவர்களுக்கு வேலை கிடைப்பது கடினமில்லை. கோவையில் சம்பளம் மற்ற ஊர்களைவிட ஓரளவு மேல், ஆனால் பீளமேடு, அவிநாசி சாலைப் பக்கத்து வாடகையைக் கேட்டால் சென்னையின் புறநகர் நினைவுக்கு வரும். வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. இருக்கிறது, செவிலியருக்கு அதைவிட நல்ல பயிற்சிக் களம் அரிது. ஆனால் வெளிமாநில நோயாளிகளும் உறவினர்களும் வந்து தங்கும் ஊர் என்பதால் மருத்துவமனைக்கு அருகில் மலிவான வீட்டை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் படி: எந்த வகை வேலை

ஊர் மாறும் நேரம்தான் வேலையின் வகையையும் மாற்றுவதற்கு ஏற்ற நேரம். வார்டு அல்லது ஐ.சி.யு. வேலையைத் தவிர வேறு வாய்ப்புகளைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பகலில் மட்டும் இயங்கும் டயாலிசிஸ் மையங்கள், கண் மருத்துவமனைகள், எண்டோஸ்கோபி பிரிவுகள், மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாடு மற்றும் தரப் பிரிவுகள் ஆகியவற்றில் நைட் டூட்டி குறைவு அல்லது இல்லவே இல்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓராண்டு அனுபவம் இருந்தால் நர்சிங் கல்லூரியில் டியூட்டராக (பயிற்றுநராக) சேரலாம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் உங்களுடையதாகிவிடும். பிள்ளைகள் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால் இதைக் கட்டாயம் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். ஐந்தாறு ஆண்டு கழித்து மறுபடியும் நோயாளியின் படுக்கையருகே வேலைக்கு வரும்போது கை சற்றுத் தடுமாறும் என்பதும் உண்மை. அதனால் சனிக்கிழமை மாணவிகளோடு வார்டுக்குப் போகும் கிளினிக்கல் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கும் துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் பணிக்கும் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கின்றன. அறிவிப்பு அந்தந்த மாவட்ட இணையதளத்தில்தான் வரும். விண்ணப்பிக்கக் கொடுக்கப்படும் அவகாசம் பெரும்பாலும் குறுகியது என்பதால் போக விரும்பும் மாவட்டத்தின் தளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். நிரந்தர அரசுப் பணிக்கு வழி, 2012-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். ஆனால் அதன் வழியே எடுக்கப்பட்ட செவிலியர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் ஏற்படும் வரிசைப்படிதான் காலமுறை ஊதியத்துக்கு வருகிறார்கள் என்பதையும், முதல் பணியிடம் நீங்கள் விரும்பிய ஊராக அமையாமல் போகலாம் என்பதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். ஆனால் இந்தியாவின் எந்த மூலையிலும் பணியிடம் கிடைக்கலாம் என்பதால், மாமியார் வீட்டருகே இருப்பதற்காக ஊர் மாறுபவருக்கு அது பொருந்துமா என்பதை வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: சேரும் முன் மருத்துவமனையை அறிந்துகொள்வது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நேர்காணலுக்குப் போகும் நாளில் மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்கி, டூட்டி மாறும் வேளையில் மருத்துவமனை வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நில்லுங்கள். எட்டு மணிக்கு முடிய வேண்டிய மாலை டூட்டிக்காரர்கள் எட்டேகாலுக்கு வெளியே வருகிறார்களா, ஒன்பது மணிக்கு வருகிறார்களா என்பதைக் கண்ணால் பாருங்கள். நான் அப்படி நின்ற முதல் இடத்தில் எட்டு ஐம்பதுக்குத்தான் முதல் பெண் வெளியே வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் இன்னும் கழற்றாத கையுறை. "தினமும் இப்படித்தானா சிஸ்டர்?" என்று கேட்டேன். "இன்னைக்குச் சீக்கிரம்க்கா" என்றாள். அங்கே சம்பளம் ஆயிரம் ரூபாய் அதிகம் சொல்லியிருந்தார்கள். நான் சேரவில்லை.

நேர்காணலில் கேட்க வேண்டியவை: ரோஸ்டரை (டூட்டி அட்டவணையை) எத்தனை நாள் முன்னதாகப் போடுகிறார்கள்? சக ஊழியரோடு டூட்டியை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா? மாதத்தில் எத்தனை நைட், நைட் முடிந்து எத்தனை ஆஃப்? தமிழ்நாட்டின் பல தனியார் மருத்துவமனைகளில் காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம் என்றுதான் டூட்டி ஓடுகிறது. ஆறு நைட்டைத் தொடர்ந்து போடும் இடமும் உண்டு, மூன்றாகப் பிரித்துப் போடும் இடமும் உண்டு. கைக்குழந்தைக்காரிக்கு இது பெரிய வித்தியாசம். ஐ.சி.யு.வில் ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை என்று கேளுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. மூன்று, நான்கு என்று பதில் வந்தால் அதன் பொருள் உங்களுக்கே தெரியும். ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். "கிரெச் எந்த மாடியில் இருக்கிறது மேடம்?" என்று அது இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கேட்டால் உண்மையான பதில் வரும்.

சம்பளம் பேசும்போது ஒரு விவரம் உதவும். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளமும், 100 முதல் 200 வரை படுக்கை உள்ளவற்றில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாமலும், 50 முதல் 100 வரை உள்ளவற்றில் 25 சதவீதத்துக்கு மேல் குறையாமலும், 50 படுக்கைக்குக் கீழ் உள்ளவற்றில் குறைந்தது 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் நடைமுறையாகவில்லை; எனக்குச் சொல்லப்பட்ட 19,500 ரூபாயே அதற்குச் சான்று. என்றாலும் மனிதவளத் துறை மேசையில் இதைப் பணிவாகச் சொல்லி, ஐ.சி.யு. அனுபவச் சான்றிதழை எடுத்து வைத்ததால் தொடக்கத்தில் சொன்ன 17,000 ரூபாய் 19,500 ஆனது.

பணி ஆணை எழுத்தில் வந்த பிறகு, அதில் இருக்கும் தொகை நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவா, கைக்கு வரும் தொகையா என்று பிரித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, சீருடை, பிடித்தங்கள் எல்லாம் கழிந்த எண்ணைத்தான் முதல் படியின் தாளில் எழுத வேண்டும். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரும். சென்னையில் அந்த வரம்பைத் தாண்டியிருந்த எனக்குச் சம்பளம் குறைந்ததால்தான் குடும்பம் முழுவதற்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி கிடைத்தது. நம் பக்கப் பிடித்தம் 0.75 சதவீதம்தான்.

ஐந்தாம் படி: பழைய வேலையிலிருந்து விலகுதல்

புதிய பணி ஆணை கையில் வரும் வரை ராஜினாமா கடிதம் எழுதக் கூடாது. எழுதும் முன் இரண்டு தேதிகளைப் பாருங்கள்.

முதலாவது பணிக்கொடை. தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி நிறைந்தால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் கிடைக்கும். நான் விலகிய 2022-இல் இருந்த முறைப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வந்தது. எனக்கு 13,000 ரூபாய்க்கு ஒன்பது ஆண்டு, 67,500 ரூபாய். திருச்சி வீட்டு முன்பணமும் வண்டி வாடகையும் அதிலிருந்துதான் போயின. என்னோடு வேலை பார்த்த இளைய செவிலியர் ஒருத்தி நான்கு ஆண்டு மூன்று மாதத்தில் விலகி, ஒரு ரூபாய் கூட இல்லாமல் போனாள்.

இரண்டாவது, பிள்ளைப்பேறு. அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் இதை மிகக் கவனமாகப் படியுங்கள். 26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை ஒரு நிறுவனத்திடம் கேட்க, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதே நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யின் கீழ் வருபவருக்கு, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) குறைந்தது 70 நாள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். கருவுற்று ஆறாம் மாதத்தில் ஊர் மாறினால் பழைய இடத்தின் உரிமையும் போய், புதிய இடத்தின் உரிமையும் வராமல் நடுவில் நிற்க நேரிடலாம்.

பி.எஃப். பணத்தை வெளியே எடுக்காதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதிய இடத்தில் கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு சேவை நிறைந்தால்தான் பிற்காலத்தில் மாத ஓய்வூதியம். ஒன்பது ஆண்டு முடித்த நான் அவசரப்பட்டு எடுத்திருந்தால் அது கைவிட்டுப் போயிருக்கும். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு. விலகிய தேதியைப் பழைய நிறுவனம் இணையத்தில் பதிந்துவிட்டதா என்று மட்டும் இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பதியவில்லை என்றால் நீங்களே பதிய வசதி இருக்கிறது.

அசல் சான்றிதழ்கள் தனிக் கவலை. நான் சேர்ந்தபோது பட்டச் சான்றிதழையும் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பப் பெற, நோட்டீஸ் காலம் முடிந்த பிறகும் மூன்று வாரம் அலைந்தேன். அலமாரியில் இருக்கிறது, அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில். கடைசியில், எந்தெந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நான்காம் நாள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். புதிய இடத்தில் அசலைக் கேட்டால், சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்திட்ட நகலை மட்டும் விடுங்கள். பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால் அதில் எழுதியிருக்கும் தொகையையும் காலத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விலகும் நாளில் ரிலீவிங் ஆர்டர் (பணி விடுவிப்பு ஆணை), பிரிவின் பெயரும் படுக்கை எண்ணிக்கையும் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கவுன்சில் பதிவு

தமிழ்நாட்டுக்குள் மாறினால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமப் பதிவே போதும். புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு, முகவரியை மாற்றினால் சரி. பெங்களூரு போன்ற வெளிமாநில நகரத்துக்குப் போகிறவர் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அந்த மாநில கவுன்சிலில் பதிய வேண்டும். அது உடனே முடியும் காரியமல்ல என்பதால் வேலை தேடத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கருத்தரங்கு, தொடர்கல்விச் சான்றிதழ்களைச் சாமான் கட்டும் அமளியில் தூக்கிப்போட்டுவிடாமல் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

ஏழாம் படி: வீடு

செவிலியர் வீடு பார்ப்பது மற்றவர்கள் வீடு பார்ப்பது போல் அல்ல. நாம் பகலில் தூங்க வேண்டியவர்கள். ஆகவே வீட்டை மாலையில் போய்ப் பார்க்காமல், காலை பத்து மணிக்குப் போய்ப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் பட்டறை இருக்கிறதா, பள்ளி மைதானம் இருக்கிறதா, கோயில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஆடி மாதமும் மார்கழி மாதமும் நைட் முடித்து வந்து தூங்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் திருச்சியின் கான்கிரீட் கூரைக்குக் கீழே மதியம் ஒரு மணிக்குத் தூங்க முடியாது, குளிர்சாதனம் போட்டால் மிச்சம் பிடித்த வாடகை மின்கட்டணமாகப் போய்விடும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா, உரிமையாளர் மீட்டரிலிருந்து எடுத்த துணை மீட்டரா என்று கேட்பது அவசியம். துணை மீட்டர் என்றால் அவர் சொல்லும் யூனிட் விலைதான்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆற்றுப்பாலமோ ரயில்வே கேட்டோ வராதபடி பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் வாடகை ஏற்றதாக இருந்தது, பிள்ளைகளுக்கும் ஊர் பிடித்தது. தூரம் கருதி உறையூரை எடுத்தோம். அந்த ஆண்டின் இறுதியில் பழுதுபார்ப்புக்காகக் காவிரிப் பாலத்தை மூடியபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த என் சக ஊழியர்கள் சுற்றுவழியில் வந்து சேர்வதற்குள் ஹேண்ட் ஓவர் (முந்தைய டூட்டிக்காரர் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) முடிந்துவிடும். வேலைக்கு டவுன் பஸ்ஸை நம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் இருப்பது அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். திருச்சியில் பல தடங்களில் தனியார் பேருந்துகளே அதிகம் ஓடுவதால், உங்கள் தடத்தில் காலை ஆறரைக்கு அரசுப் பேருந்து உண்டா என்று நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

முன்பணம் என்றால் பத்து மாத வாடகை என்பது சென்னைப் பழக்கம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கார அம்மா ஐந்து மாதம் கேட்டார். "நான் பக்கத்து ஆஸ்பத்திரியில நர்ஸுங்கம்மா, வாடகை தேதி தப்பாது" என்று சொன்னதும் நான்குக்கு இறங்கினார். எவ்வளவு என்றாலும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எட்டாம் படி: பள்ளி

மே மாதத்தில் மாறுவதுபோல் எல்லாவற்றையும் பின்னோக்கித் திட்டமிடுங்கள்: பிப்ரவரியில் பணி ஆணை, மார்ச்சில் ராஜினாமா, இரண்டு மாத நோட்டீஸ், ஜூன் முதல் வாரத்தில் பிள்ளை புதிய பள்ளியில். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று அலுவலகத்திலேயே நின்று கேளுங்கள். மாற்றாவிட்டால் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியாமல் தவிக்கும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை உள்ளவர்கள் அரசுப் பள்ளியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று உள்ளன்போடு சொல்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான காலை உணவுத் திட்டம், ஏழு மணி டூட்டிக்குக் கிளம்பும் தாய்க்குச் செய்யும் உதவி சிறியதல்ல. உப்புமாவும் சாம்பாரும் சூடாகப் பள்ளியில் கிடைக்கிறது என்று தெரிந்தால், ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் இட்லியைத் திணிக்க வேண்டியிருக்காது.

ஒன்பதாம் படி: முதல் மூன்று மாதம்

குடிபெயரும் முன்பே இரவு ஒத்திகை நடத்துங்கள். நாங்கள் ஏப்ரலில் மகனை லால்குடியில் அத்தையிடம் ஓர் இரவு விட்டுவிட்டு வந்தோம். இரண்டு மணி வரை அழுதான் என்று அத்தை மறுநாள்தான் சொன்னார். அன்றிரவு எங்களை அழைக்கவில்லை. அடுத்த முறை என் பழைய துப்பட்டாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் போர்த்திக்கொண்டு பத்து மணிக்கே தூங்கிவிட்டான். ஜூனில் என் முதல் நைட் டூட்டி அன்றைக்கு அவனுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

புதிய வார்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடத்திடம் வீட்டு நிலைமையை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சலுகை கேட்கும் தொனியில் வேண்டாம். "பண்டிகை நாள் டூட்டி எல்லாம் போடுங்கள் மேடம், நைட்டை மட்டும் மூன்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்" என்று ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கேளுங்கள். தீபாவளி அன்றைக்கும் பொங்கல் அன்றைக்கும் ஆள் கிடைக்காமல் தவிப்பது அவர்தான் என்பதால் இந்தப் பேச்சு எடுபடும். நைட் முடிந்து வந்ததும் சமையலறைக்குள் போகாமல் நேரே தூங்கப் போவது என்பதை வீட்டில் முதல் நாளே வழக்கமாக்கிவிட வேண்டும். பின்னால் மாற்றுவது கடினம். அத்தை முதலில் முகம் சுளித்தார். நான் ஒருநாள் ஹேண்ட் ஓவரில் எதிர்கொண்ட நோயாளியின் நிலையையும், தூங்காமல் மறுநாள் போயிருந்தால் மருந்தின் அளவில் என்ன தவறு நேர்ந்திருக்கும் என்பதையும் பொறுமையாகச் சொன்ன பிறகு, அறைக் கதவருகே பிள்ளைகளை வரவிடாமல் அவரே காவல் இருந்தார்.

முகவரி மாற்றத்தில் ஆதாரை முதலில் முடியுங்கள். குடும்ப அட்டை, எரிவாயு, வங்கி ஆகியவை அதைத் தொடர்ந்து எளிதில் முடியும். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் காப்பீட்டு எண்ணோடு குடும்பத்தினர் எல்லாருடைய பெயரும் இணைந்திருக்கிறதா என்றும், மருந்தகம் வீட்டுக்கு அருகில் உள்ளதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் மாதச் சம்பளம் வந்ததும் முதல் படியின் தாளை எடுத்து, உண்மையான எண்களை அருகே எழுதுங்கள். எங்களுடையதில் 2,300 ரூபாய் 1,100 ஆகச் சுருங்கியிருந்தது. இரண்டு முறை சென்னைப் பயணமும் துணை மீட்டர் கட்டணமும் காரணம். மகளுக்குத் தலை வாரிவிட்ட நாள்களையும் எண்ணி எழுதினேன்: ஆகஸ்ட் மாதத்தில் பத்தொன்பது.